அக்கா கொடுத்த ஞானஸ்நானம்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், ஸ்ரீரங்கத்திலிருந்தும் தென்னூரிலிருந்தும் வந்திருக்கும் அக்காவின் அன்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலரில் நம் சபை மூப்பர் எழுதிய அஞ்சலி இருக்கும் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் எழுதிக் கொடுத்தது உண்மை. மூன்று பக்கம், அழகான கையெழுத்து. அக்காவைச் சபையின் ஆபரணம் என்று இரண்டு இடங்களில் எழுதியிருந்தார். அச்சகத்துக்குப் போகவிருந்த தாள்களிலிருந்து அதை எடுத்தவள் நான்தான். கவனக் குறைவால் விடுபட்டுவிட்டது என்று யாரும் அவரிடம் சமாதானம் சொல்ல வேண்டாம். வேண்டுமென்றே எடுத்தேன். அதற்கான காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் அன்று வாய் திறக்காதவர்கள் நீங்கள். மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா செம்பட்டுப் பக்கத்தில் பிறந்தார். எங்கள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. ஊறல் தொட்டியில் இறங்கித் தோலை மிதிப்பார். சனிக்கிழமை மாலை சீயக்காய் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்த வாடை உடம்பை விட்டுப் போகாது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் நடந்தே தென்னூர்ப் பக்கமுள்ள நம் லுத்தரன் கோவிலுக்கு வருவோம். முன்னால் பெஞ்சுகள் இருக்கும். பின்னால் பாய் விரித்திருக்கும். எங்களுக்குப் பாய். அப்படி உட்காரச் சொல்லி ஒரு நாளும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்தின்போது பெஞ்சுக்காரர்கள் முதலில் போய்ப் பீடத்தின் முன் முழங்காற்படியிடுவார்கள். அவர்கள் எல்லோரும் எழுந்து வந்தபிறகுதான் பாய்க்காரர்கள் போவோம். ஒரே பாத்திரம், ஒரே இரசம். ஆனால் எங்கள் வாய் பட்ட பாத்திரம் அவர்கள் வாய்க்குப் போகக்கூடாது. அதற்காகத்தான் அந்த வரிசை. நான் பொய் எழுதவில்லை என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஞானோபதேசத்தை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடமாகச் சொல்வார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அக்காவையும் என்னையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். ஞானஸ்நானம் என்றால் என்ன? தண்ணீர் மட்டுமா? இல்லை, தேவ வார்த்தையோடு சேர்ந்த தண்ணீர். கொடுக்கிறவர் யார்? கை மனுஷனுடையது, கொடுக்கிறவர் கடவுள். சாகக் கிடக்கிற பிள்ளைக்குக் குருவானவர் வர நேரமில்லையென்றால்? கிறிஸ்தவர் எவரும் கொடுக்கலாம், ஆணானாலும் பெண்ணானாலும். அக்கா தடங்கலில்லாமல் சொல்வார். நான் பசியில் பாதியை விழுங்குவேன்.

அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் அப்பாவும் மார்புச் சளியில் போய்விட்டார். என்னை வளர்த்தது அக்காதான். வெள்ளைக்கார நர்ஸம்மா ஒருவர் சிபாரிசு செய்து அக்காவை மிட்வைஃப் படிப்பில் சேர்த்துவிட்டார். படிப்பு முடிந்ததும் ஸ்ரீரங்கம் முனிசிபாலிட்டி பிரசவ விடுதியில் வேலை கிடைத்தது. தென்னூரில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அக்கா காலையில் பஸ் ஏறிக் காவிரியைத் தாண்டிப் போவார், மாலையில் திரும்புவார். என்னை ஆசிரியைப் பயிற்சி வரை படிக்கவைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், “எனக்குத்தான் தினம் ஒரு பிள்ளை பொறக்குதே” என்று சிரிப்பார்.

ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கும் அக்காவைக் கூப்பிடுவார்கள். அங்கே ஒரு வீட்டில் நடந்ததை அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். பிரசவம் நல்லபடியாக முடிந்ததும் அந்த வீட்டு மாமி கைகூப்பியபடி வந்திருக்கிறார்.

“நர்ஸம்மா, தப்பா எடுத்துக்கப்படாது. நீங்க கெளம்பினப்புறம் உள்ளெல்லாம் அலம்பிவிட்டு நாங்க ஸ்நானம் பண்ணிடுவோம். எங்காத்து ஆசாரம் அப்படி.”

“தாராளமா பண்ணுங்க மாமி. பிள்ளைய மட்டும் ஈரத்துல போட்டுடாதீங்க” என்றாராம் அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. “அவங்க சாஸ்திரத்துல இருக்குன்னு அவங்க செய்றாங்க. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுச் செய்றாங்க” என்றார். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் சபைதான் நினைவுக்கு வரும். நம் வேதத்தில் எங்கேயும் இல்லாததை, முகத்துக்கு நேரே சொல்லாமல் செய்தவர்கள் நாம்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் புறப்படும் நேரம். மூப்பர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மூப்பர் என்று நான் எழுதுவது ஒருவரைத்தான். அப்போது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைச் சங்கத்தில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. அவருடைய மருமகள் கிரேஸுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. வழக்கமாக வரும் டாக்டரம்மா ஊரில் இல்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டு ஓடினார். பிரசவ விடுதியில் அக்காவோடு ஆயாவாக வேலை பார்த்த பீவியம்மாவின் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவரையும் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

மூப்பரும் அவர் மகனும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். மூப்பர்தான் அன்று வேத பாடம் வாசிக்க வேண்டும். குருவானவர் திருவெள்ளறைப் பக்கத்துக் கிராமச் சபைக்கு ஆராதனை நடத்தப் போயிருந்தார். மாலைக்கு முன் திரும்பமாட்டார். வீட்டில் கிரேஸும் அவள் மாமியாரும் மட்டும் இருந்தார்கள். மாமியார் என்றால் மூப்பரின் மனைவி.

ஆண் குழந்தை. கையளவுதான் இருந்ததாம். பிறக்கும்போதே நீலம் பாய்ந்திருந்தது. அக்கா வாயைச் சுத்தம் செய்து, ஊதி, தேய்த்து, தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். ஒரு முனகல் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நெஞ்சு மட்டும் விட்டுவிட்டு அசைந்தது. இது நிற்காது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கிரேஸிடம் குனிந்து சொன்னார்.

“கிரேஸ், குருவானவர் வர நேரமில்லம்மா. நான் ஞானஸ்நானம் கொடுக்கட்டுமா?”

“கொடுங்கக்கா. சாமுவேல்னு பேரு வைங்க.”

இதைச் சொன்னதும் கிரேஸுக்கு நினைவு தப்பிவிட்டது. உதிரம் போய்க்கொண்டிருந்தது. பீவியம்மா அவள் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மூப்பரின் மனைவி செம்பில் தண்ணீர் ஏந்தி நின்றார். அக்கா மூன்று தரம் அள்ளிக் குழந்தையின் தலையில் விட்டார். “சாமுவேலே, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்றார். மூப்பரின் மனைவி ஆமென் என்றார். குழந்தையைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்துவிட்டு அக்கா தாயைக் காப்பாற்றத் திரும்பினார். தாயைக் காப்பாற்றியும் விட்டார். குழந்தை பாட்டியின் மடியில் அடங்கிவிட்டது.

மூப்பர் ஆராதனை முடிந்து வந்தார். நடந்ததை அவர் மனைவி அழுதுகொண்டே சொன்னார். உள்ளே இருந்த அக்காவுக்கு எல்லாம் கேட்டது. மூப்பர் முதலில் கேட்ட கேள்வி, மருமகள் எப்படி இருக்கிறாள் என்பதல்ல.

“யாரு கொடுத்தா? அவளா?”

மாலையில் குருவானவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கே வந்தார். நம் சபை முறைமைப்படி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். யார் கொடுத்தது, எதனால், அதாவது எதைக் கொண்டு, கொடுத்தது, எந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தது. சாட்சிகள் சரியாகச் சொன்னால் அது ஞானஸ்நானம். பதிவேட்டில் ஏற்றி, கொடுத்தவர் பெயரையும் எழுதி, மணியடித்துக் கிறிஸ்தவ அடக்கம் செய்ய வேண்டும். குருவானவர் மூப்பரின் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

“அம்மா, நீங்க கூட இருந்தீங்களா?”

அவர் கணவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “நான் வெந்நீர் எடுக்க உள்ள போயிருந்தேங்க ஐயா. எனக்குத் தெரியாது.”

பீவியம்மாதான் முன்னால் வந்திருக்கிறார்.

“என்னம்மா இப்படிச் சொல்றீங்க? செம்பு உங்க கையிலதானே இருந்துச்சு? சாமி, நான் பாத்தேன். மூணு தரம் தண்ணி விட்டாங்க. பிதா குமாரன்னு உங்க வேதத்துல உள்ள பேரெல்லாம் சொன்னாங்க. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்.”

மூப்பர் சிரித்தார். “பரிசுத்த ஞானஸ்நானத்துக்குத் துலுக்கச்சி சாட்சியா? நல்லா இருக்கே. ஐயா, என் பேரனுக்கு ஞானஸ்நானம் ஆகலை. ஆகாத பிள்ளையை எப்படி அடக்கம் பண்ணணுமோ அப்படிப் பண்ணுங்க.”

இதை நீங்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தன் சொந்தப் பேரன் சபைக்குப் புறம்பானவனாய்ப் புதைக்கப்பட்டாலும் பரவாயில்லை, எங்கள் அக்காவின் பெயர் தன் பேரன் பெயருக்குப் பக்கத்தில் பதிவேட்டில் இருக்கக்கூடாது. அதுதான் அவருடைய விசுவாசம். வயிற்றிலிருந்து குழந்தையை எடுக்க அந்தக் கை வேண்டியிருந்தது. அதன் தலையில் தண்ணீர் விட மட்டும் அந்தக் கை ஆகவில்லை.

குருவானவருக்கு உண்மை தெரியும் என்றுதான் இன்றும் நம்புகிறேன். அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். அன்று இருட்டுவதற்குள் குழந்தையைக் கல்லறைத் தோட்டத்தின் மதில் மூலையில் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை. ஒரு வசனம் வாசிக்கவில்லை. குழந்தையின் தகப்பனும் குழி தோண்டுகிறவரும் மட்டும் போனார்கள். அக்காவும் நானும் மதிலுக்கு வெளியே சாலையில் நின்றோம். அக்கா அடக்க ஆராதனையின் ஜெபங்களை முழுவதும் சொன்னார். நான் கூடவே சொன்னேன். நான் முழு மனதோடு சொன்ன கடைசி ஜெபம் அது.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த மாதமே சபைச் சங்கம் அக்காவைக் கூப்பிட்டது. கோவிலை ஒட்டிய சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் ஏழு பேர். அக்காவுக்கு நாற்காலி போடவில்லை. நானும் கூடப் போனேன். ஒரு தாளை நீட்டினார்கள். ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தான் சொன்னது உண்மையல்ல என்றும், அதற்காகச் சபையிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போட்டுடும்மா. இதோட முடிஞ்சிடும்” என்றார் குருவானவர்.

“ஐயா, நான் கொடுத்தது உண்மைங்க. இல்லைன்னு எழுதினா, அந்தப் பிள்ளைக்குக் கடவுள் செஞ்சதை நான் இல்லைன்னு சொல்ற மாதிரி ஆயிடும். எனக்கு அந்த அதிகாரம் இல்லைங்க.”

“எங்களுக்கே உபதேசமா?” என்றார் மூப்பர்.

“நீங்கதானுங்க எனக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தீங்க. நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தான் செஞ்சேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் பிறகு அறிவிப்புகளோடு அறிவிப்பாக அக்காவின் பெயரை வாசித்தார்கள். பரிசுத்த சாக்கிரமந்தாகிய ஞானஸ்நானத்தைப் பற்றிப் பொய் சொன்னதற்காக, மனந்திரும்பும் வரை திருவிருந்திலிருந்து விலக்கு. நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். அக்கா பேறுகாலம் பார்த்த பெண்களே பதினைந்து பேருக்கு மேல் அந்தப் பெஞ்சுகளில் இருந்தார்கள். பாயில் உட்கார்ந்திருந்த எங்கள் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். உறவினர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நான் அன்றோடு கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு மிஷன் பள்ளியில் எனக்குக் கிடைக்கவிருந்த வேலையும் கிடைக்கவில்லை. முனிசிபல் பள்ளியில் சேர்ந்தேன். அதற்காக வருந்தவில்லை.

அக்கா நிறுத்தவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளைச் சேலை கட்டி, பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவார். விசுவாசப் பிரமாணம் சொல்வார், பாடுவார். திருவிருந்து வரும்போது எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போக, இவர் மட்டும் பாயில் உட்கார்ந்திருப்பார். காலை மடக்க வேண்டும், இவரைத் தாண்டிப் போகிறவர்களுக்கு வழி விட வேண்டும். ஆறு ஆண்டுகள். நம் போதனைப்படி அது வெறும் அப்பமும் இரசமும் அல்லவே. அதோடு கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் வருகிறது என்று நம்புகிறவர்கள் நாம். அதை நம்பாதவருக்கு அந்தத் தண்டனை ஒன்றுமில்லை. அக்கா முழுக்க நம்பினார்.

“வேற சபைக்குப் போயிடலாம்க்கா. ஊர்ல கோவிலா இல்லை?” என்று சண்டை போடுவேன்.

“நான் எதுக்குடி போகணும்? நான் ஒண்ணும் தப்புப் பண்ணலையே” என்பார்.

கிரேஸ் அந்த ஆறு ஆண்டும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அவளுக்கு வலியில் புத்தி தடுமாறிவிட்டது, என்னவோ கேட்டதாகக் கற்பனை செய்கிறாள் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அவளை அடக்கிவைத்திருந்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அவள் மறுபடி உண்டானாள். இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரி என்று மூப்பர் முடிவு செய்திருந்தார். வலி கண்ட அன்று காலையில் கிரேஸ் கணவனைக் கூட்டிக்கொண்டு குதிரை வண்டியில் ஏறினாள். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் வண்டி திரும்பப் போனபோது, “ஸ்ரீரங்கத்துக்கு விடுங்க” என்றாளாம். கணவன் தடுத்துப் பார்த்திருக்கிறான். “அங்க விடலைன்னா இங்கயே எறங்கி நடப்பேன்” என்று சொல்லியிருக்கிறாள். பாலத்தைத் தாண்டும்போது வலி முற்றிவிட்டது. பிரசவ விடுதி வாசலில் அக்கா வந்து கையைப் பிடித்தார். மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை.

விடுதியிலிருந்து போவதற்கு முன் கிரேஸ் அக்காவிடம் கேட்டாள்.

“அக்கா, என் பிள்ளைக்கு நெஜமாவே கொடுத்தீங்கதானே?”

“கொடுத்தேன்மா. உன்னைக் கேட்டுட்டுத்தான் கொடுத்தேன்.”

“நான் கனவு காணலையே?”

“இல்லம்மா. பேரு நீதான் சொன்னே.”

கிரேஸ் வாய்விட்டு அழுதாள் என்று பீவியம்மா சொன்னார்.

ஆறு வாரம் கழித்துக் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்கு முந்தின நாள் கிரேஸ் எங்கள் வீட்டுக்கு வந்து என்னையும் வரச் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. அவளுக்காகப் போனேன். பாயில் உட்காரவில்லை. வாசல் பக்கம் தூணோரம் நின்றேன். குருவானவர் அதற்குள் மாறியிருந்தார். புதியவர் இளவயதுக்காரர், வெளியூர்க்காரர். ஞானத்தொட்டியின் அருகே நின்று முறைமைப்படி முதல் கேள்வியைக் கேட்டார். இந்தக் குழந்தை ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றதுண்டா?

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கிரேஸ் அதோடு நிறுத்தவில்லை.

“இவளுக்கு இல்லைங்க ஐயா. இவளுக்கு முன்னால ஒரு பையன் பொறந்தான். அவனுக்கு ஆச்சு. சபைப் பதிவேட்டுல அதை எழுதலை. அதை எழுதிட்டு இவளுக்குக் கொடுங்க. இல்லைன்னா நான் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடறேன்.”

மூப்பர் முன்பெஞ்சிலிருந்து எழுந்தார். “கிரேஸ்! இது கோவில்.”

“கோவில்ங்கறதாலதான் மாமா இங்க வந்து சொல்றேன். வீட்டுல சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்.”

புதிய குருவானவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் பதறவில்லை. “யாரும்மா கொடுத்தது? சாட்சி இருக்காங்களா?” என்று கேட்டார்.

பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் மூப்பரின் மனைவி எழுந்து நின்றார்.

“நான் இருந்தேங்க ஐயா. தண்ணிச் செம்பு என் கையிலதான் இருந்துச்சு. மூணு தரம் விட்டாங்க. பேரு சொன்னாங்க. நான் ஆமென் சொன்னேன். அப்புறம் இல்லைன்னு சொல்லிட்டேன்.”

“உக்காருடீ” என்றார் மூப்பர்.

“உக்காரமாட்டேங்க.”

குருவானவர் கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையை அனுப்பிப் பதிவேட்டை எடுத்து வரச் செய்தார். பிறகு அக்காவைப் பெயர் சொல்லி முன்னால் அழைத்தார். அக்கா பாயிலிருந்து எழுந்து நடுவழியே நடந்து போனார். எதனால் கொடுத்தீர்கள் என்று கேட்டார் குருவானவர். “தண்ணியினாலங்க” என்றார் அக்கா. எந்த வார்த்தைகள் என்று கேட்டார். அக்கா அந்த வார்த்தைகளைச் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் கடைசிப் பாய் வரை கேட்டது. அங்கேயே எழுதினார்கள். அதன் பிறகுதான் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. மூப்பர் அதற்குள் வெளியே போய்விட்டிருந்தார். என்னைத் தாண்டித்தான் போனார். அன்று நான் வழி விடவில்லை. அவர்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை குருவானவர் மதில் மூலைக்குப் போய் அடக்க ஆராதனையை முறையாக நடத்தினார். மணி அடித்தது. புல் மண்டிப்போன அந்த மூலையில் இடம் எதுவென்று அக்காதான் காட்டினார்.

இப்படி முடிந்த கதையில் இன்னும் என்ன கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சபைச் சங்கத்திலிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. சகோதரியார் மறுபடி திருவிருந்தில் பங்குபெற அனுமதிக்கப்படுகிறார் என்று ஒரே வரி. பொய் சொன்னார் என்று கோவிலில் வாசித்தார்களே, அது தவறு என்று ஒரு வார்த்தை இல்லை. அனுமதியாம்! நான் அதைக் கிழிக்கப் போனேன். அக்கா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். சனிக்கிழமை போய்த் திருவிருந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

“மன்னிப்புக் கேக்காதவங்க கூடப் போய் எப்படிக்கா முழங்கால் போடுவே?”

“பசிக்குதுடி. ஆறு வருஷமாப் பசிக்குது” என்றார்.

மூப்பர் மூன்று மாதம் கோவிலுக்கு வராமல் இருந்தார். பிறகு வந்தார். அவர் இடம் அப்படியே காலியாக இருந்தது. அடுத்த தேர்தலில் அவரையே மறுபடி மூப்பராக்கினீர்கள். பாயை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பெஞ்சு போட்டது உண்மை. பெஞ்சு போட்டும் பின்னால் உட்காருகிறவர்கள் இன்றும் யார் என்று அடுத்த ஞாயிறு திரும்பிப் பாருங்கள்.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அறுக்க முடியாத நிலை. ஆறு மாதம் வீட்டிலேயே படுக்கை. அந்த நாட்களிலும் ஸ்ரீரங்கத்திலிருந்து யாராவது வந்து பிரசவத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்வார். வலி அதிகமான பிறகு குருவானவர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுத்தார். அன்று கிரேஸும் இருந்தாள், மூப்பரின் மனைவியும் இருந்தார். இருவரும் கட்டிலோரம் முழங்கால் போட்டார்கள். அக்கா தலையைத் திருப்பி என்னைத் தேடினார்.

“வாடி” என்றார்.

நான் போகவில்லை. பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள்தான் இருந்தார். திரும்பவும் கூப்பிடவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு காலையில், பீவியம்மா தலையைத் தாங்கியிருக்க, அமைதியாகக் கண்ணை மூடினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். பீவியம்மாவுக்கு. அக்காவுக்குச் சாட்சியாக அன்று வாய் திறந்தவர் அவர் ஒருவர்தான், கடைசி வரை அக்காவின் துணிகளைத் துவைத்தவரும் அவர்தான். கிரேஸுக்கு. எங்கிருந்தோ வந்து, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டு, எழுத வேண்டியதை எழுதிய குருவானவருக்கு. மாத்திரைக்கும் மருந்துக்கும் முகம் சுளிக்காமல் அலைந்த ஸ்ரீரங்கம் பிரசவ விடுதி ஊழியர்களுக்கு. அடக்கத்துக்கு வந்து வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போன அந்த ஸ்ரீரங்கத்து மாமிக்கும்.

மற்றவர்கள் யாருக்கும் நன்றி இல்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் என்ன எழுதுவதென்று இந்த மலர் அச்சுக்குப் போகும் வரை தீர்மானிக்க முடியவில்லை. மூப்பரின் மனைவி அந்த ஆறு மாதமும் ஒரு நாள் தவறாமல் காலையில் கஞ்சி வைத்து எடுத்து வந்தார். கணவருக்குத் தெரிந்துதான் வந்தார். நான் ஒரு நாளும் அவரை உட்காரச் சொன்னதில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அக்கா வேறு எதையும் விழுங்க முடியாதிருந்தபோதும் அந்தக் கஞ்சியைக் குடித்தார். அவர்கள் இருவரும் மெதுவாகப் பேசிக்கொள்வதும், சில நாள் சிரிப்பதும் அடுத்த அறையில் எனக்குக் கேட்கும்.

அவருக்கு நன்றி என்று எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கஞ்சி கொண்டுவந்தார், அக்கா குடித்தார் என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன். நடந்ததை இல்லை என்று சொல்ல எனக்கும் அதிகாரம் இல்லை.